பாப்பா சிரிக்குது

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கிற பெண்ணின் தலையில்தான் குடும்ப ஆல்பத்தைக் கட்டுவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை" என்று அக்கா ஃபோனில் சொன்னாள். "நீ பண்ணாதான் நீட்டா இருக்கும்க்கா" என்று தம்பி சொன்னான். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: எங்களால் முடியாது, நீ செய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எண்பது வயது முடிகிறது. அக்காவும் தம்பியும் குடும்பத்தோடு வருகிறார்கள். அதற்குள் மூன்று அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கும் படங்கள் ஒரே ஆல்பமாகிவிட வேண்டும்.

"சரி" என்றாள். ஐம்பத்து நான்கு வயதுக்குள் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் வேலை பார்க்கும் அறை ஆஸ்பத்திரியின் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், முதுகில் எண் எழுதிய கோப்புகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. மேலே இருந்து ஒரு டாக்டர் கோப்பு கேட்டு ஃபோனில் கத்தினால் பத்து நிமிடத்தில் அது தள்ளுவண்டியில் ஏறிவிட வேண்டும். ஒரே பெயரில் பதினாறு பேர் இருப்பார்கள். வயது, தகப்பன் பெயர், ரத்த வகை, உடைந்தது இடது காலா வலது காலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒருவருடைய தாள் இன்னொருவர் கோப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு தாளைக்கூட மாற்றி வைத்ததில்லை. இதற்காக அவளை யாரும் பாராட்டியதும் இல்லை. தொலையாத கோப்பைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? எல்லோரும் "ரெக்கார்டு அக்கா" என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது.

வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தால் அங்கே அம்மா இருப்பாள். அம்மா அவளோடு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஞாபகம் போகத் தொடங்கி நான்கு வருடம். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வருகிறாள். அவள் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டினால் ஆறு ஒன்றுக்கு இருக்கமாட்டாள். அதற்குப் பிறகு ஊட்டுவது, துடைப்பது, மருந்து கொடுப்பது, கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடாமல் குறுக்கே நிற்பது எல்லாம் இவள்தான். அம்மா இவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறாள். மகள் என்ற எண்ணமே இல்லை, சம்பளத்துக்கு வந்த நர்ஸ்.

"சிஸ்டர், எனக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். எல்லாரும் நல்லா இருக்காங்க. ஆனா பாருங்க, ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கறதில்ல."

"வருவாங்கம்மா. வாயைத் திறங்க" என்று அடுத்த கரண்டியை நீட்டுவாள். முதல் தடவை கேட்டபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இப்போது அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. மாமியாருக்கு அவரையும் அடையாளம் தெரியாது, ஒரு நாள் "லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர் இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டாள். "பார்த்தியா, உங்கம்மாவுக்கு என்னை மட்டும் கரெக்டா தெரியுது" என்று அவர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் பெட்டியைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்கள், மூலை மடங்கினவை, யாரோ பேனாவால் மீசை வரைந்தவை. படம் எடுத்ததெல்லாம் அப்பா. டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், நண்பருடைய கேமராவை இரவல் வாங்கி வந்து எடுப்பார். கிடங்கில் ஒரு டயர் கணக்குத் தப்பாது, கேமராவைக் கையில் எடுத்தால் மட்டும் யாராவது ஒருவர் தப்பிவிடுவார். ஒரு படத்தில் தலை இருக்காது, இன்னொன்றில் பாதி உடம்புதான் இருக்கும்.

படங்களின் பின்னால் எழுதியது அம்மா. நீல மையில், உருண்டையான எழுத்து. இதுதான் பெரிய தலைவலியாகிப்போனது. தேதி கிடையாது, பெயர் கிடையாது. "பாப்பா தூங்குது." "பாப்பா முதல் தடவை உட்காருது." "பாப்பாவுக்கு ஜலதோஷம்."

அந்த வீட்டில் பாப்பா என்பது ஒரு பதவி. வீட்டில் யார் கடைசியோ அவர்தான் பாப்பா. முதலில் அக்கா பாப்பாவாக இருந்தாள். நான்கு வருடம் கழித்து இவள் பிறந்ததும் அக்காவுக்குப் பதவி போயிற்று. ஐந்து வருடம் இவள் பாப்பாவாக இருந்தாள். தம்பி பிறந்த அன்று மத்தியானம் வரை பாப்பா, சாயங்காலத்திலிருந்து "சின்னக்கா". அதற்குப் பிறகு யாரும் பிறக்காததால் தம்பியின் பதவியைப் பறிக்க ஆளில்லை. நாற்பத்தொன்பது வயது, தலையில் நாலு முடி, ஒரு தொழிற்சாலையில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர். அக்காவுக்கு அவன் இன்னும் பாப்பாதான்.

சரி, எழுதினது எழுதினாள், "சிரிக்கிறாள்" என்றோ "சிரிக்கிறான்" என்றோ எழுதித் தொலைத்திருந்தால் தம்பியை மட்டுமாவது பிரித்திருக்கலாம். கைக்குழந்தையை யார் அப்படிச் சொல்கிறார்கள்? சிரிக்குது, அழுவுது, தூங்குது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்க நம் பேச்சில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

"உங்க வீட்ல பேரே வெக்க மாட்டீங்களா?" என்று வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வெச்சாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு."

ஆல்பத்தில் அம்மா, அப்பாவுக்கு முதல் பக்கங்கள். அப்புறம் மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பக்கங்கள். தலைப்பாக "அக்கா", "நான்", "தம்பி" என்று எழுதினாள். அதற்கும் அவர் விடவில்லை. "'நான்'னு போட்டா எடுத்துப் பார்க்கறவன் ஒவ்வொருத்தனும் தன்னைத்தான்னு நினைப்பானே?" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை வாக்கில் கோப்புப் பிரிக்கிற கை தன் வேலையைக் காட்டிவிட்டது. சுவர் நிறம், தரை, அப்பாவின் தலைமுடி பின்வாங்கிய அளவு, எல்லாவற்றையும் வைத்து ஏறக்குறைய எல்லாப் பாப்பாக்களையும் பிரித்துவிட்டாள். அக்காவுக்கு நாற்பத்தொரு படம். முதல் குழந்தை, தும்மினால்கூட எடுத்திருக்கிறார் அப்பா. தம்பிக்கு முப்பத்தாறு. அவளுக்கு நான்கு. அந்த நான்கில் ஒன்றில் முதுகு, ஒன்றில் அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு கண், மூன்றாவது பள்ளிக்கூடத்துக் குரூப் படம், நான்காவது வேலையில் சேரும்போது அடையாள அட்டைக்கு எடுத்தது. குழந்தையாக ஒன்றுகூட இல்லை. கைக்குழந்தையாக அவள் இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டில் அத்தாட்சியே இல்லை.

நடுவில் பிறந்தால் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்லி ஆறுதல் அடையலாம். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் படங்களைப் பக்கவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, "நான்" என்று எழுதிய பக்கத்தின் முதல் இடம் மட்டும் வெள்ளையாகக் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

பிரிக்க முடியாமல் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. அம்மா ஜன்னலோரம் நிற்கிறாள். இடுப்பில் எட்டு ஒன்பது மாதக் குழந்தை, பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கிறது. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டு தானும் சிரிக்கிறாள். மற்றப் படங்களில் எல்லாம் அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள். இந்த ஒன்றில் மட்டும் அவளுக்கு வேறு வேலையே இல்லை. பின்னால் "பாப்பா சிரிக்குது" என்று எழுதியிருந்தது.

இது நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பச்சையாகச் சொன்னால், வேறு யாராகவும் இருக்கக் கூடாது என்று நினைத்தாள். ஒன்பது வருடமாக அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இடுப்பும் முட்டியும் ஓய்ந்துபோயிருக்கிறது. பதிலுக்கு அம்மா ஒன்றும் தர வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட வேண்டாம். ஒரு தடவை இப்படிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம்.

முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நெருக்கத்தில் ஃபோனால் எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினாள். "இது யாரு?" என்று கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அக்கா உடனே ஃபோன் பண்ணினாள். "இதுல என்னடி சந்தேகம்? நான்தான். அந்த வாத்து போட்ட கவுன் என்னோடது."

"அந்த கவுனை மூணு பேரும்தான்க்கா போட்டோம். தம்பிகூடப் போட்டிருக்கான்."

"முதல்ல போட்டது நான்தானே?"

அடுத்து தம்பி. "பின்னாடி பாப்பான்னு எழுதியிருக்குல்ல? அப்ப நான்தான். இதுக்கெல்லாமா விசாரணைக் கமிஷன் வெப்பீங்க?" என்று சிரித்தான். நீயா இருக்குமோ என்று இரண்டு பேரில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, தோன்றவில்லை. தோன்றாததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பூதக்கண்ணாடியைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதற்காக வைத்திருப்பது. அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு விளக்குக்குக் கீழே படத்தை வைத்தாள். ஆளை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்ப்பது அவள் தொழில் பழக்கம். முத்திரையும் தேதியும் ஓரத்தில்தான் இருக்கும். இடது ஓரத்தில், அம்மாவின் முழங்காலுக்கு மேலே, அவளுடைய துணியை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. கை மட்டும்தான். உடம்பையும் முகத்தையும் அப்பா வழக்கம்போல் வெளியே தள்ளியிருந்தார்.

பக்கத்தில் இன்னொரு பிள்ளை நிற்கிறது. அப்படியானால் இடுப்பில் இருப்பது அக்கா இல்லை. ஒன்று இது நான், அந்தக் கை அக்காவுடையது. இல்லை, இது தம்பி. பாதிக்குப் பாதி. கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினாள்.

கையின் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அவள் தன் இடது கையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூட இல்லை. வைக்காமலே தெரியும். மூன்று வயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்து, சரியாகக் கட்டாமல் கோணலாகவே கூடிப்போன விரல். ஐம்பது வருடமாகக் கோப்புகளிலும் பாத்திரங்களிலும் பஸ் கம்பியிலும் இடித்துக்கொண்டே இருக்கிற விரல். கை அவளுடையது. குழந்தை தம்பி. முடிந்தது விசாரணை.

"என்ன, கண்டுபிடிச்சாச்சா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ம்... இல்ல" என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஒட்டும் வேலை. ஆல்பத்தில் பக்கத்துக்கு நான்கு படம். பழைய படங்கள் கொஞ்சம் அகலம் கூடுதல் என்பதால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து படங்களுக்கு ஓரம் வெட்டியிருந்தாள். இதுவும் அகலம்தான். எப்படியும் வெட்டத்தான் வேண்டும். வலது பக்கம் வெறும் சுவர், அங்கே வெட்டலாம். அவள் இடது பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தாள். ஒரு விரல் அகலம், மேலிருந்து கீழே, ஒரே நேராக. துண்டு மற்றக் கழிவுகளோடு குப்பைக்கூடையில் விழுந்தது. படத்தை "நான்" என்ற பக்கத்தில் ஒட்டினாள். கீழே "அம்மாவும் நானும்" என்று எழுதினாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒன்றை மாற்றி வைத்தாள். வைத்த பிறகு பக்கம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? திரும்பத் திரும்பப் பார்த்தாள். யாருக்கு என்ன நஷ்டம்? அவனுக்கு முப்பத்தாறு இருக்கிறதே. குப்பை வண்டி வந்தது, வீட்டுக்காரர் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

மத்தியானம் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஆல்பத்தை அவள் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். மறுநாள் கூட்டத்தில் அம்மா மிரண்டுவிடக் கூடாது, கொஞ்சம் பழகட்டும் என்றுதான். அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பாவைப் பார்த்து, "யாரு இந்த ஆளு? முழிக்கிற முழியே சரியில்ல" என்றாள். அக்காவின் நாற்பத்தொரு படத்தையும் பஸ்ஸில் இருந்து வேடிக்கை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டு போனாள்.

"நான்" பக்கம் வந்தது. அம்மாவின் பார்வை அந்தப் படத்தில் நின்றது. குழந்தையின் முகத்தை ஒரு விரலால் தொட்டாள். பிறகு விரல் மெதுவாக இடது பக்கம் நகர்ந்து, படத்தின் விளிம்பைத் தாண்டி, வெற்றுக் காகிதத்துக்கு வந்து, அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

"இங்க ஒண்ணு நின்னுட்டு இருக்குமே" என்றாள். "எங்க அது?"

"எதும்மா?"

"அதான்... நடுவுல உள்ளது. இங்கதான் நிக்கும். ஒண்ணும் கேக்காது. என் துணியைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்கும்." அம்மா காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "யாரு கூட்டிட்டுப் போனா?"

"நான்தாம்மா அது. இங்கதான் இருக்கேன்."

அம்மா நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு இல்லை என்று தலையாட்டினாள். "நீங்க இல்ல. அது சின்னது. ரொம்ப நேரமா நிக்குது, கால் வலிக்கும் பாவம். எங்க இருந்தாலும் உக்காரச் சொல்லுங்க, சிஸ்டர்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் நாற்காலிக் காலில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். குளியலறைக்கும் போகவில்லை, குழாயையும் திறக்கவில்லை. ஒன்பது வருடமாக என்ன வேண்டும் என்று காத்திருந்தாளோ அது இருந்த இடத்தைத் தன் கையாலேயே வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறாள். வண்டி போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நர்ஸ்களுக்கும் கஷ்டம் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் வீடு நிறைந்திருந்தது. ஆல்பம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. தம்பி தன் பக்கங்களைப் புரட்டியவன் கடைசியில் நின்றான். ஜன்னலோரப் படம் இப்போது அங்கே இருந்தது. "பார்த்தீங்களா, நான்தான்னு அப்பவே சொன்னேன்ல?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினான். பிறகு கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தான்.

"'அம்மா, இடுப்பில் தம்பி. இடது பக்கம் நிற்பது நான்.' எங்கக்கா நீ? ஆளையே காணோம்! யாரு இதை வெட்டினது?"

"நான்தான்" என்றாள் அவள். அம்மாவுக்கு மருந்து கொடுக்கிற நேரமாகியிருந்தது, எழுந்து போனாள்.